கிரிபட்டியின் வெளித்தீவுகளுக்கு எந்த மின்சாரம் பொருந்தும்?

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் 33 தீவுகளின் நாடு கிரிபட்டி. 1979-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. நிலம் என்று பார்த்தால் மொத்தமே 811 சதுர கிலோமீட்டர்தான். அதன் கடல் எல்லையோ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. மக்கள் தொகை சுமார் 1,20,000. அதில் பாதிக்கு மேல் தலைநகரப் பகுதியான தெற்குத் தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அங்கே டீசல் மின்நிலையம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. மற்றவர்கள் வாழ்வது வெளித்தீவுகளில். அங்கே ஊருக்குப் பொதுவான மின்சாரம் என்பது பெரும்பாலும் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த வெளித்தீவுகளைப் பற்றியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே சில நூறு மீட்டர் அகலத்துக்கு மணலும் தென்னையும். அதன்மேல் 60 வீடுகள் கொண்ட ஒரு கிராமம். அந்தக் கிராமத்துக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது? டீசலா, அங்கேயே விளையும் தேங்காய் எண்ணெயா, வீட்டுக்கு வீடு சோலாரா, எல்லா வீடுகளையும் கம்பியால் இணைத்து ஊருக்கே ஒரு சிறு மின்தொகுப்பா? ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் உண்டு. நிதி கொடுக்க ஏதாவது ஒரு நாடும் உண்டு.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வெளித்தீவுக் கிராமங்களுக்கு வீட்டுக்கு வீடு சோலார்தான் சரி. ஆனால் அந்தக் கருவி வீட்டுக்காரருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்து, அதை மாதந்தோறும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் கட்டணம் கட்ட வேண்டும். வீடுகள் நெருங்கியிருக்கும், மீனைக் குளிர வைக்க வேண்டிய தேவையும் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் சிறு மின்தொகுப்பு. மற்றவை எல்லாம் துணைக்குத்தான். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவை கிரிபட்டியும் அதன் அண்டை நாடுகளும் கடந்த 40 ஆண்டுகளில் பட்ட அனுபவங்கள்.

டீசல்

டீசலுக்குச் சாதகமான விஷயங்களை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜெனரேட்டரை வாங்கும் செலவு குறைவு. மேகம் மூடினாலும் ஓடும். படகு எஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எந்தத் தீவிலும் கிடைப்பார். டீசல் எஞ்சின் அவருக்கு அந்நியமானதல்ல.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வீட்டுக் கிராமத்துக்கு 20 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைக்கிறோம். மாலையில் எல்லோரும் விளக்குப் போட்டால் தேவை 4 கிலோவாட்தான். பெரிய எஞ்சினைச் சிறிய சுமையில் ஓட்டினால் எரிபொருள் வீணாகும், எஞ்சினும் கெடும். மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 10 லிட்டர். ஆண்டுக்கு 3,650 லிட்டர். 200 லிட்டர் டிரம் கணக்கில் 18 டிரம்களுக்கு மேல். ஒவ்வொன்றும் தலைநகரில் இறங்கி, வேறு கப்பலில் ஏறி, தீவுக்கு வந்து, பவளப்பாறையைத் தாண்டிச் சிறு படகில் கரை சேர வேண்டும். பல தீவுகளில் பெரிய கப்பல் அணையத் துறைமுகமே இல்லை. வானிலை மோசமானால் கப்பல் தள்ளிப்போகும். அன்றோடு விளக்கும் நிற்கும். இத்தனைக்கும் கிடைப்பது மாலை 5 மணி நேர வெளிச்சம் மட்டுமே.

டிரம்மிலிருந்து கசியும் எண்ணெய் இன்னொரு கவலை. பவளத்தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழை நீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறு தோண்டினால் இரண்டு மூன்று மீட்டரிலேயே அந்த நீர் வந்துவிடும். தரையில் சிந்திய டீசலுக்கும் குடிநீருக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

தெற்குத் தராவாவிலும் நிலைமை இதமாக இல்லை. மின்வாரியம் வீடுகளுக்கு வாங்கும் கட்டணம் நெடுங்காலமாக உற்பத்திச் செலவுக்குக் கீழேதான் இருந்து வந்திருக்கிறது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அந்தச் சுமை அரசின் தலையில் விழுகிறது. அதனால்தான் அங்கே டீசலோடு சோலாரையும் இணைத்து வருகிறார்கள். பொன்ரிக்கியில் குடிநீருக்காகக் காப்பாற்றப்படும் நிலம் ஒன்று இருக்கிறது. அடியில் உள்ள நன்னீர் கெட்டுவிடும் என்பதால் அங்கே வீடு கட்டக் கூடாது. அந்த நிலத்தின் மேல் ஜப்பான் உதவியோடு சோலார் பேனல்கள் நிறுத்தப்பட்டன. இடம் கிடைக்காத ஊரில் இடத்தைக் கண்டுபிடித்த நல்ல யோசனை அது. தலைநகருக்கு அந்த வழி சரி. வெளித்தீவின் கேள்வி வேறு.

தேங்காய் எண்ணெய்

இந்த யோசனையைக் கேட்டவுடன் எவருக்கும் பிடித்துப் போகும். தீவு முழுக்கத் தென்னை. கொப்பரைதான் வெளித்தீவு மக்களின் முக்கியப் பண வரவு. டீசல் எஞ்சினைச் சற்று மாற்றினால் தேங்காய் எண்ணெயில் ஓடும். 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும் என்ற தொல்லை நிலநடுக்கோட்டில் எழாது. பசிபிக் நாடான வனுவாட்டுவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்; அதன் தலைநகர் போர்ட் விலாவின் மின்நிறுவனம் டீசலோடு தேங்காய் எண்ணெயைக் கலந்து எரித்திருக்கிறது.

கிரிபட்டியில் இது நடக்காததற்குக் காரணம் எஞ்சின் அல்ல, விலை. வெளித்தீவு மக்களின் வருமானத்துக்காக அரசு கொப்பரையை மானியம் சேர்த்து உயர்ந்த விலைக்கு வாங்குகிறது. 2016-இல் அந்த விலை கிலோவுக்கு 2 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.6 கிலோ கொப்பரை வேண்டும். அதாவது ஆட்டுவதற்கு முன்பே, கொப்பரைக்கு மட்டும் 3.20 டாலர். லிட்டர் கணக்கில் சுமார் 3 டாலர். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயில் டீசலைவிடச் சக்தியும் கொஞ்சம் குறைவு. அன்றைய டீசல் விலையோடு வைத்துப் பார்த்தால் இது கட்டுப்படியாகவே ஆகாது.

கொப்பரை மானியத்தை நான் குறை சொல்லவில்லை. மக்கள் தீவை விட்டுத் தராவாவுக்குக் குடிபெயராமல் இருக்க உதவும் மிக நேரடியான வழிகளில் அது ஒன்று. அந்தப் பணம் நேராகக் குடும்பத்தின் கைக்குப் போகிறது. ஆனால் அந்தக் கொப்பரையை எஞ்சினில் எரிப்பது அரசின் பணத்தை இரண்டு முறை செலவழிப்பதாகும். கப்பல் வராத வாரத்தில் ஜெனரேட்டரை ஓட்ட ஒரு மாற்று எரிபொருளாகத் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளலாம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காற்றாலையையும் கடல் வெப்ப மின்சாரத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிரிபட்டியின் கிறிஸ்மஸ் தீவுக்குக் காற்று உண்டு, நிலமும் உண்டு. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஒரே தீவுதான். சிறு தீவுகளிலோ சுழலும் எந்திரத்தை உப்புக் காற்று அரித்துத் தின்றுவிடும். கோபுரத்தை இறக்கிப் பழுது பார்க்கக் கிரேன் வராது. கடலின் மேல்மட்ட, ஆழ்மட்ட வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் 1 மெகாவாட் நிலையம் ஒன்றைத் தெற்குத் தராவாவை மனத்தில் வைத்துத் தென் கொரியா உருவாக்கிச் சோதித்தது. ஆராய்ச்சியாக மதிக்கத்தக்கது. 60 வீட்டுக் கிராமம் அதற்காகக் காத்திருக்க முடியாது.

விற்ற சோலாரும் வாடகை சோலாரும்

கிரிபட்டியின் வரலாற்றில் நான் மிக மதிக்கும் பகுதி இது. ஒரே தீவுக்கூட்டம், ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே கருவி. இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். இரண்டு விதமான விளைவு கிடைத்தது.

1984-இல் கிரிபட்டி சூரிய மின் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் வேலை விற்பனை. சோலார் கருவியை வாங்குங்கள், வீட்டில் வையுங்கள், உங்களுடையது. 1989 வரை 270 கருவிகள் விற்றன. பிறகு விற்பனை தேங்கியது. 1992-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது விற்றவற்றில் 90 சதவீதம் வேலை செய்யவில்லை, அல்லது அரைகுறையாக வேலை செய்தது.

பேனல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. கெட்டது மற்ற எல்லாம். காசு மிச்சம் பிடிக்க, ஆழமாக இறங்கி ஏறும் சோலார் பேட்டரிக்குப் பதிலாகக் கார் பேட்டரியை மாட்டியிருந்தார்கள். கார் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் சில மாதங்களில் செத்துவிடும். பேட்டரி இறங்கியதும் விளக்கை அணைப்பது சார்ஜ் கன்ட்ரோலரின் வேலை. ‘இது குறுக்கே நிற்கிறது’ என்று அதைத் தாண்டி நேராகக் கம்பி இழுத்துவிட்டார்கள். இணைப்புகளை முறையாகப் பொருத்தாமல் கம்பியோடு கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் அவை பச்சை பூத்துப் போயின. வைத்தபோது வெயிலில் இருந்த பேனல்மேல், வளர்ந்த மரத்தின் நிழல் விழுந்தது.

இதில் மக்களின் அறியாமை என்று சொல்ல எதுவும் இல்லை. இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், விளக்கு அணைந்துவிட்டது. யாராக இருந்தாலும் கன்ட்ரோலரைத் தாண்டிக் கம்பி இழுப்பார்கள். பேட்டரியின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய ஆள் அந்த வீட்டில் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை.

அந்த ஆளை உருவாக்கியதுதான் இரண்டாவது முறை. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு உதவியோடு வடக்குத் தராவாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் புதிய ஏற்பாடு வந்தது. பேனலும் பேட்டரியும் கன்ட்ரோலரும் நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டுக்காரர் சிறு முன்பணம் கட்டி, பிறகு மாதக் கட்டணம் செலுத்துவார். அவர் வாங்குவது விளக்கு வெளிச்சத்தை, கருவியை அல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் அந்த ஊரைச் சேர்ந்த ஒரு தொழில்நுட்பர்.

அவர் மாதம் ஒரு முறை வீடு வீடாகப் போவார். வீட்டுக் கூரை தாழை ஓலையால் வேய்ந்தது. பேனலின் பாரத்தைத் தாங்காது, மாற்றி வேயும்போது இடைஞ்சலும் கூட. ஆகவே பேனல் முற்றத்தில் ஒரு கம்பத்தின் மேல் நிற்கும். முதலில் நிமிர்ந்து பார்ப்பார்: தென்னங்கீற்று ஒன்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி கணிசமாக விழும். பிறகு பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அறையின் மூடியையும் கழற்றி, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சி அடர்த்தி பார்ப்பார். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரி நோயாளி என்று குறித்துக்கொள்வார். தகடு தெரியும் அளவுக்கு நீர் வற்றியிருந்தால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவார். இணைப்பை இறுக்குவார், பச்சை பூத்த இடத்தைச் சுரண்டுவார். கடைசியில் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். கட்டவில்லை என்றால் கழற்றிக்கொண்டு போகும் அதிகாரமும் நிறுவனத்துக்கு இருந்தது.

முறை நிலைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1990-களின் நடுவில் மேலும் 250 கருவிகள் வந்தன. 2000-களின் நடுவில் ஏறத்தாழ 1,700 கருவிகள் பல தீவுகளுக்குப் பரவின. ஊர்க் கூட்டம் நடக்கும் மானேபா மண்டபங்களுக்கும் வெளிச்சம் போனது. சிறு தீவுகளின் மின்சாரம் பற்றி எங்கே பேசினாலும் கிரிபட்டியின் இந்த முறையை எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிலை வந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. வசூல் பின்தங்கியது. பணம் கொப்பரை விற்றால்தான் வரும். கொப்பரைக் கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டணம் மாதந்தோறும். அதோடு கட்டணம் அன்றாடப் பராமரிப்புக்கு ஈடாக இருந்தாலும், எல்லாப் பேட்டரிகளையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டிய ஆண்டுக்கு ஈடாக இல்லை. ஒரே நன்கொடையில் ஒரே ஆண்டில் வந்தவை ஒரே ஆண்டில்தான் ஓயும்.

அண்டை நாடான துவாலுவின் அனுபவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கேயும் அதே 1984-இல் சோலார் மின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கட்டணம் வாங்கிச் சேவை செய்யும் முறையைக் கிரிபட்டிக்கு முன்பே தொடங்கியவர்கள் அவர்கள். 1990-களில் சங்கத்தின் பண நிர்வாகம் சீர்கெட்டு அது மூழ்கிப் போனது. ஆக, மாதக் கட்டணம் என்ற ஏற்பாடு மட்டும் காப்பாற்றிவிடாது. வசூலித்த பணம் எங்கே இருக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்கள் மானேபாவில் கேட்கவும், அதற்குக் கணக்கு வாசிக்கவும் வழி வேண்டும்.

இப்போது கடையில் கிடைக்கும் சிறு சோலார் விளக்குத் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சின்னப் பேனல், இரண்டு மூன்று எல்இடி விளக்கு, போன் சார்ஜ் செய்ய ஒரு துளை. பசிபிக் முழுவதும் மண்ணெண்ணெய் விளக்கை ஒழித்துக் கட்டியதில் இவற்றின் பங்கு பெரிது. அதற்காக இவற்றைக் கும்பிடலாம். புகை போயிற்று, தீப்பிடிக்கும் பயம் போயிற்று, மாதாமாதம் மண்ணெண்ணெய்க்குச் செலவழித்த காசும் மிச்சம். பராமரிக்க ஆள் வேண்டாம்; கெட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம். முதல் படிக்கு இது போதும். ஆனால் இதை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது என்று அரசு கணக்கில் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். விளக்குக்கும் போனுக்கும் அப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

நிறுவனம் வைத்திருக்கும் பெரிய கருவியிலோ கதை மாறியிருக்கிறது. 100 வாட் பேனல் ஒன்று, இழப்பெல்லாம் போக, நாளுக்குச் சுமார் 300 வாட்-மணி கொடுக்கும். 1990-களில் 11 வாட் குழல் விளக்குகள் மூன்றை ஆறு மணி நேரம் எரித்தால் அதில் 200 போய்விடும். இன்று அதே வெளிச்சத்துக்கு 5 வாட் எல்இடி போதும். மூன்றுக்கும் சேர்த்து 90. மீதி 200-ஐ மின்விசிறிக்கும் வானொலிக்கும் மடிக்கணினிக்கும் கொடுக்கலாம். பேனலின் விலை அந்த நாளில் இருந்ததில் ஒரு சிறு பங்காக இறங்கிவிட்டதால் 100 வாட்டுக்குப் பதில் 300 வாட் வைப்பதும் பெரிய செலவில்லை.

சிறு மின்தொகுப்பு

மீனுக்குப் பனிக்கட்டி வேண்டும் என்றவுடன் வீட்டு சோலாரின் எல்லை தெரிந்துவிடுகிறது. அந்த வெப்பத்தில் ஒரு சிறு உறைவிப்பான் நாளுக்கு ஏறத்தாழ 1 யூனிட் கேட்கும். வீட்டுக்கு வீடு அதற்குத் தனிப் பேட்டரி வைப்பது வீண். வீடுகளை ஒரே தொகுப்பில் இணைத்தால் ஒருவர் பயன்படுத்தாத மின்சாரம் இன்னொருவருக்குப் போகும். தேவை அதிகமாகும் நாளில் துணை ஜெனரேட்டரையும் போட்டுக்கொள்ளலாம்.

இதற்குத் தோக்கெலாவைக் காட்டுவார்கள். நியூசிலாந்தின் ஆட்சிப் பகுதியான அது மூன்று பவளத்தீவுகள் கொண்டது. மக்கள் தொகை சுமார் 1,500. 2012-இல் 4,032 பேனல்களும் 1,344 பேட்டரிகளும் வைத்து, முழுக்க டீசலில் இருந்த மூன்று தீவுகளையும் சில மாதங்களில் ஏறத்தாழ முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அருமையான வேலை. துவாலுவின் வைதுப்பு, நனுமாங்கா, நியுதாவோ, நனுமேயா ஆகிய தீவுகளும் நியூசிலாந்தின் உதவியோடு 2015 வாக்கில் அதே பாதையில் போயின.

ஆனால் தோக்கெலாவில் ஒவ்வொரு தீவின் மக்களும் ஒரு சிறிய திட்டில் அடர்த்தியாக வாழ்கிறார்கள். கம்பி கொஞ்ச தூரம் போனால் போதும். டீசல் காலத்திலேயே இழுத்த கம்பியும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் இருந்தார்கள். கிரிபட்டியின் பல தீவுகளில் கிராமம் என்பது ஒரே சாலையை ஒட்டி நீண்டு கொண்டே போகும். இரண்டு வீடுகளுக்கு நடுவே பாபாய் என்ற சேம்பு வகைக் கிழங்கை வளர்க்கும் குழியும் தென்னந்தோப்பும். 60 வீட்டுக்குக் கம்பி இழுத்தால் பேனலுக்குக் கொடுப்பதில் பெரும்பங்கைக் கம்பிக்கும் கம்பத்துக்கும் கொடுக்க நேரும்.

அளவையும் பாருங்கள். வீட்டுக்கு 1 யூனிட் என்றால் நாளுக்கு 60 யூனிட். அதற்கு 20 கிலோவாட் பேனல், 60 முதல் 80 யூனிட் சேமிக்கும் பேட்டரி, அதைக் கையாளும் இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டரில் ஒரு மின்னணு அட்டை எரிந்தால் 60 வீடும் இருளும். அந்தத் தீவில் அதைச் சரிசெய்பவர் இல்லை. அட்டை ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ தலைநகருக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து தீவுக்கு வரும் சிறு விமானத்தில் இடம் பிடிக்க வேண்டும். வீட்டு சோலாரில் ஒரு வீட்டில் கெட்டால் அந்த வீடு மட்டும் இருளும். பக்கத்து வீட்டு விளக்கில் பிள்ளைகள் படிப்பார்கள்.

பங்கீடும் ஒரு சிக்கல். ஒரு வீட்டில் மின்சார அரிசிக் குக்கரைப் போட்டால் அன்றிரவு பத்து வீட்டுக்கு வெளிச்சம் குறையும். மீட்டர் வேண்டும், வரம்பு வேண்டும், அதை மீறினால் அணைக்கும் கருவி வேண்டும். சொந்தபந்தம் நெருங்கிய ஊரில் உறவினரின் மின்சாரத்தை வெட்டும் வேலையை உள்ளூர் ஆளிடம் கொடுப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர் இங்கே நல்ல உபாயம். வெட்டுவது எந்திரம், மனிதரல்ல.

ஆகவே சிறு மின்தொகுப்பை இப்படி ஒதுக்கலாம் என்பது என் கருத்து: தங்கிப் படிக்கும் பள்ளிகள், மருத்துவமனை, தீவு நிர்வாக அலுவலகம், மீன் நிலையத்தின் பனிக்கட்டி எந்திரம் ஆகியவை ஒன்றாக அமைந்த இடத்தில் ஒன்று. அங்கே சம்பளம் வாங்கும் ஊழியர் இருக்கிறார். பகலில் சுமையும் இருக்கிறது. சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள் உள்ள வீடுகளையும் அதோடு சேர்க்கலாம். மீன் உறைவிப்பானைக் குடும்பங்கள் பங்கு போட்டு அங்கே பயன்படுத்தலாம். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மட்டும் தனிப் பேனலும் தனி இணைப்பும் எப்போதும் இருக்க வேண்டும். ஊர் மின்சாரம் போனாலும் அது போகக் கூடாது.

பணமும் பழைய பேட்டரியும்

கட்டணம் எவ்வளவு என்பதில்தான் திட்டம் வாழும் அல்லது சாகும். ஒரு வீட்டுக் கருவியின் பேட்டரிக்கு 600 டாலர், ஆயுள் 8 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக்காக மட்டும் மாதம் 6.25 டாலர் ஒதுக்க வேண்டும். தொழில்நுட்பரின் ஊதியம், கன்ட்ரோலர், பயணம் எல்லாம் அதற்கு மேல். கொப்பரை வெட்டிப் பிழைக்கும் குடும்பத்தால் இதை முழுதாகக் கட்ட முடியாது; கட்டச் சொல்வதும் நியாயமில்லை. தராவாவில் டீசல் மின்சாரம் வாங்குபவருக்கு அரசு மானியம் கொடுக்கும்போது, வெளித்தீவுக்காரரிடம் முழுச் செலவையும் கேட்பது எந்த வகையில் சரி?

கிரிபட்டி கையாலாகாத நாடல்ல. பனாபா தீவின் பாஸ்பேட் வருமானத்தை 1956 முதல் ஒரு நிதியில் சேர்த்து வந்தார்கள். பாஸ்பேட் 1979-இல் தீர்ந்த பிறகும் அந்த நிதி இருக்கிறது, இன்று அதன் மதிப்பு 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் உரிமக் கட்டணம் அரசின் வருமானத்தில் பெரும்பங்கு. பேட்டரி மாற்றும் செலவை அரசு ஏற்றுக்கொண்டு, அன்றாடப் பராமரிப்புக்கு மட்டும் குடும்பங்களிடம் வாங்கலாம். அந்தக் கட்டணத்தையும் மாதந்தோறும் கேட்பதைவிடக் கொப்பரை விற்ற நாளில் கேட்பது மேல். கொப்பரையை அரசுதான் வாங்குகிறது. குடும்பம் சம்மதித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். பேட்டரிகளை ஒரே ஆண்டில் மாற்றாமல், ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு என்று இப்போதே பிரித்துவிட வேண்டும்.

ஈய அமில பேட்டரியா, லித்தியமா? லித்தியம் நீண்ட நாள் உழைக்கும், நீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு என்பதால் படகிலிருந்து இறக்குவதும் எளிது. கெட்டால் மட்டும் தீவில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஈய அமிலத்துக்கு ஹைட்ரோமீட்டரும் பொறுமையும் தெரிந்த ஆள் போதும். ஆனால் ஓய்ந்த பேட்டரியைத் தோப்பில் எறிந்தால் ஈயம் அந்த மெல்லிய நன்னீரில் கலக்கும். தராவாவில் ‘கவோகி மாங்கே’ என்ற திட்டம் இருக்கிறது. காலி டின், பிளாஸ்டிக் பாட்டிலோடு பழைய ஈய பேட்டரியையும் திருப்பிக் கொடுத்தால் முன்வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும். அதை வெளித்தீவுகளுக்கும் நீட்டி, புதிய பேட்டரி கொண்டு வரும் அதே கப்பல் பழையதை ஏற்றிப் போகும்படி செய்தால் ஈயமும் பாதுகாப்பாக வெளியேறும். வீட்டுக் கருவிக்கு இனி லித்தியம் என்றே நான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: நாடு முழுவதும் ஒரே வகை, ஒரே இணைப்பு. ஒவ்வொரு நன்கொடை நாடும் தன் நாட்டுக் கருவியை அனுப்பினால் உதிரிப் பாகம் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

எங்கே தொடங்குவது என்றால் மறுபடியும் வடக்குத் தராவாவிலும், அபேமாமா போன்ற தலைநகருக்கு அருகிலுள்ள தீவுகளிலும். கிடங்கு பக்கத்தில் இருக்கிறது. தவறு நடந்தால் சீக்கிரம் தெரியும். தெற்குக் கோடியில் உள்ள தமானாவும் அரோரேயும் அடுத்து. 2015-இல் பாம் (Pam) என்ற புயல் எழுப்பிய கடல் இந்தத் தீவுகளுக்குள் ஏறியது. ஆகவே பேட்டரிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் கம்பத்திலேயே இடுப்புயரத்துக்கு மேல் பொருத்த வேண்டும். கப்பல் எப்போதாவதுதான் வரும் அந்தத் தீவுகளில் ஓராண்டுக்கு வேண்டிய கன்ட்ரோலரும் பியூஸும் விளக்கும் தீவு நிர்வாக அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் இருவரைப் பயிற்சி கொடுத்து வைக்க வேண்டும். ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தராவாவுக்குப் போய்விட்டால் மற்றவர் அடுத்த மாதம் வீடு வீடாகப் போவார்.